கண்காணிக்கும் உரிமை எவருக்கு?

மலையகத்துத் தமிழருக்குக் 'கண்காணி' என்னும் சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டிய தேவையில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துவரவும், சேர்த்த ஆளைக் கடனிலே கட்டிவைக்கவும், மலையிலே நிரை பிடித்து வேலை வாங்கவும் வெள்ளைத் துரைமாருக்குத் துணைநின்ற பதவி அது. பேச்சு வழக்கில் அது கங்காணி ஆயிற்று. ஆங்கிலேயரும் அச்சொல்லை அப்படியே தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இம்மலைகளிலே கண்காணிப்பு என்றால், உழைப்பவன்மீது உடைமைக்காரன் வைத்த கண் என்பதே பொருளாயிருந்தது.

இன்று அதே சொல் வேறொரு தொடரில் நம்மிடையே உலவுகின்றது. 'மனித உரிமைக் கண்காணிப்பு' என்கின்றனர். இத்தொடரில் பொருள் தலைகீழாக மாறிவிடுகின்றது. அதிகாரம் படைத்தோர் செய்வதையும் செய்யத் தவறுவதையும் மக்கள் தரப்பில் நின்று பார்ப்பதும், பார்த்ததைச் சரிபார்த்துப் பதிவதும், பதிந்ததைக் கொண்டு நியாயம் கேட்பதும் இக்கண்காணிப்பின் வேலை. இவ்வேலையைக் களப்பணியாளருக்குத் தொலைக்கல்வி வழியாகப் பயிற்றும் பாடநெறிகள் உலகில் இன்று பல உள. இம்முயற்சியை நாம் எதிர்க்கவில்லை. ஆயின் அதனை நடாத்துவோரிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டியவர்களாய் இருக்கின்றோம். இப்புதிய கண்காணிப்பில் கண் எவருடையது? மொழி எவருடையது? எழுதிய ஏடு எவர் கையில் இருக்கப்போகின்றது?

முதலில், கற்பிக்கப்படும் பொருளின் தகுதியை மறுப்பதற்கில்லை. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர் ஆணையாளர் அலுவலகம் 2001 ஆம் ஆண்டில் கண்காணிப்புப் பயிற்சிக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டது. தகவல் தந்தவருக்குத் தீங்கு நேராமற் காத்தல், இரகசியம் பேணல், பக்கஞ்சாராமை, பொறுமை, துல்லியம் முதலியவற்றை அது அடிப்படை நெறிகளாக வகுத்துரைக்கின்றது. 1982 இல் நிறுவப்பெற்ற ஹுரிடொக்ஸ் என்னும் பன்னாட்டு அமைப்பு, உரிமை மீறலைப் பதியும் முறைக்கு ஒரு நேரிய சட்டகம் தந்தது. 'எவர், எவருக்கு, எதனைச் செய்தார்' என்பதே அதன் சாரம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய பாடமா? எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நாம் ஆறாம் வகுப்பிலே கற்பிக்கும் இலக்கணமல்லவா இது? 'கடை எரிக்கப்பட்டது', 'தொழிலாளி தாக்கப்பட்டார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. செயப்பாட்டு வினையின் நிழலிலே செய்தவன் ஒளிந்துகொள்கின்றான். எழுவாய் தொலைந்த வாக்கியம் நீதிமன்றப் படியேறாது. தொலைந்த எழுவாயைத் தேடிப் பிடிப்பதுதான் கண்காணிப்பு. அதற்குரிய அறிவு எங்கோ வானத்திலிருந்து இறங்கவேண்டியதன்று. ஊர் தோறும் விதை நெல்லாய் இருக்கின்றது. முறைப்படுத்தி வளர்ப்போர்தாம் வேண்டும்.

தொலைக்கல்வியும் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள் 1942 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். வினாத்தாள் கடல் கடந்து வந்தது. விடைத்தாள் கடல் கடந்து போனது. அவ்வழியாக அறிஞர் பலர் உருவாயினர் என்பது உண்மை. ஆங்கிலம் அறிந்த ஒரு சிறுகூட்டம் தன் மக்களின் மொழியை மறந்து மேலெழுந்தது என்பதும் உண்மை. 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியபோது, வேலை செய்து பிழைப்போரும் படிக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் குண்டசாலைக்கு அணித்தாகிய பொல்கொல்லையிலே இருக்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1991 இல் மனித உரிமைகள் கற்கை நிலையம் அமைந்தது. ஆகவே கல்லும் மண்ணும் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

அவ்வாறாயின் குறை எங்கே? கண்காணிப்பைத் தொழிலாகக் கற்பிக்கும் பன்னாட்டுத் தொலைக்கல்விப் பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கட்டணம் டொலரிலே கேட்கப்படுகின்றது. பாடம் இணையத்திலே வருகின்றது. ஐக்கிய நாடுகளின் அலுவல் மொழிகள் ஆறு. அவற்றுள் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியதை நாம் கண்டோம். அந்நாளிலே டொலர்க் கட்டணம் செலுத்தி உரிமை கற்கக்கூடியவர் எவர்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், தொலைபேசியில் அலை கிடைக்கும் இடம் தேடி மாணவர் மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய நாட்டிலே, திரையில் மட்டும் ஓடும் பாடம் எவர் வீட்டு வாசலில் நின்றுவிடும் என்பதனை ஆசிரியருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமோ?

இதன் விளைவாக, தலைநகரில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் உத்தியோகத்தர் சான்றிதழ் பெறுகின்றார். சான்றிதழின் பலத்தால் அடுத்த பதவியும் பெறுகின்றார். லயத்து அறையிலே கூரை ஒழுகுவதைக் குறித்துவைக்கக்கூடிய பிள்ளைக்காப்பகப் பெண்ணும், சங்கக் கிளையின் செயலாளரும், ஆடைத் தொழிற்சாலையில் இரவுவேலை செய்யும் யுவதியும் 'தகவல் தருவோர்' என்னும் நிலையிலேயே நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் அழுவது தகவல். மற்றவர் எழுதுவது அறிக்கை. பழைய தோட்டத்திலே கொழுந்து பறித்தவர் ஒருவர், நிறுத்தவர் இன்னொருவர், விலை சொன்னவர் வேறொருவர். துன்பத்தின் வியாபாரத்திலும் அதே ஒழுங்கு நிலவவேண்டுமா?

இவ்வினா வெறும் தத்துவ வினாவன்று என்பதற்குக் குண்டசாலைப் பகுதியே சாட்சி. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய என ஊர்கள் வரிசையாய் அமைந்திருக்கின்றன. மத்திய மாகாண சபையின் தலைமையிடம் பல்லேகலையில் இருக்கின்றது. கைத்தொழிற் பேட்டை இருக்கின்றது. போகம்பறைச் சிறை 2014 இல் மூடப்பட்டபின் கைதிகள் கொண்டுவரப்பட்ட சிறையும் இருக்கின்றது. ஆட்சி, உழைப்பு, தண்டனை என்னும் மூன்றும் ஒரே வீதியோரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. உரிமை பற்றிய கல்விக்கு இதனினும் பொருத்தமான வகுப்பறை வேண்டுமோ?

2018 பெப்ரவரி 22 ஆம் நாள் தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியோர் முஸ்லிம் இளைஞர் நால்வர். மார்ச் 3 ஆம் நாள் அவர் இறந்தார். அது சட்டப்படி விசாரிக்கப்படவேண்டிய ஒரு குற்றம். ஆயின் இனவாதக் கும்பல்கள் அக்குற்றத்தை ஓர் இனத்தின் தலையில் ஏற்றின. மார்ச் 5 ஆம் நாள் திகனவிலும் சூழவுள்ள ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றினுள்ளே முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அதற்கும் மறுநாள் முகநூல் முதலிய சமூக ஊடகங்களை அரசு முடக்கியது.

இச்சம்பவங்களுக்கு முன்னரும் அவை நடந்தபோதும் வெறுப்பை விதைத்த சிங்களப் பதிவுகள் முகநூலிலே மலிந்திருந்தன. நல்லெண்ணம் கொண்ட இளைஞர் பலர் அவற்றைச் சுட்டிக்காட்டி முறைப்பாடு அனுப்பினர். கொலைக்குத் தூண்டும் பதிவுகளைக்கூட, விதிகளுக்கு முரணானவை அல்ல என்று அந்நிறுவனம் விட்டுவைத்த செய்திகள் பின்னர் வெளியாயின. சிங்களம் அறிந்த பரிசோதகர் போதிய அளவில் அங்கே இருக்கவில்லை. தன்பால் நேர்ந்த தவறுக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடை இரண்டாண்டு கழித்து வந்த மன்னிப்பால் எழுந்து நிற்குமா? உலகின் மிகப் பெரிய கண்காணிப்பு இயந்திரங்களுள் ஒன்று, ஊரின் மொழி தெரியாமையால் ஊர் எரிந்தபோது குருடாய் இருந்தது. தொலைவில் இருந்து பார்ப்பது குற்றமன்று. மொழியறியாது பார்ப்பதும், பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதுமே குற்றம்.

தரையிலே நின்று பார்த்தவர்களோ ஆயிரக்கணக்கானோர். அவர்கட்கு எதனைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் எவர்? நம் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆயின் அம்மீறல் நிர்வாகத் துறையின் செயலால் நேர்ந்ததாக இருத்தல் வேண்டும். தீ வைத்த கும்பலைப் பற்றி மட்டும் எழுதிவைத்தால் அது குற்றவியல் வழக்காகலாம். அரசின் பொறுப்பு அதிலே வெளிப்படாது. பொலிசாருக்கு முதற் செய்தி எத்தனை மணிக்குச் சென்றது, செய்தி சொன்னவர் எவர், அவர்கள் எத்தனை மணிக்கு வந்தனர், எத்தனை பேர் வந்தனர், கண்முன்னே தீ எரிந்தபோது என்ன செய்தனர் என்பனவற்றைக் குறித்துவைத்தாலே சட்டத்தின் முன் சமத்துவம் மறுக்கப்பட்டமை நிறுவப்படும். நேரத்தைக் குறித்த ஒரு வரி, கண்ணீரோடு எழுதிய பத்துப் பக்கத்தினும் வலிது.

மேலும், அம்மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும். அகதியாய்ப் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ ஒதுங்கிய குடும்பத்துக்கு ஒரு மாதம் என்பது கண்மூடித் திறக்கும் பொழுது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது என 13 ஆம் பிரிவு கூறுகின்றது. சட்டத்தரணியருக்கு இது அரிச்சுவடி. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் இதனை அறிந்தவர் எத்தனை பேர்? தெரியாத உரிமை பூட்டிய பெட்டியிலுள்ள மருந்து. நோயாளி இறந்தபின் திறந்து பயனில்லை.

மொழிக் கேள்வியை இன்னும் ஆழமாகப் பார்க்கவேண்டும். தமிழிலே சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, சொன்னவரால் வாசிக்கமுடியாத தாளிலே கையொப்பம் வாங்கும் வழக்கம் மலையகம் நன்கறிந்தது. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் வழக்கம் சட்டத்தை எளிதில் மதிப்பதில்லை. இவ்வழக்கத்தின் கொடிய எல்லையைக் கிழக்கிலங்கையிலே காண்கின்றோம். மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்ச் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட வைக்கப்பட்டார். அவ்வாக்குமூலத்தைக் கொண்டே 1995 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என முடிவு செய்தது. 2006 இல் நம் உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிட இலங்கை இணங்கியதே அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஒரு மனிதனின் வாழ்நாள், அவனுக்கு விளங்காத மொழியின் சில வரிகளுக்குள்ளே அடைபட்டது. இத்தகைய நாட்டிலே, உரிமையைப் பதியும் கலையையும் மக்களுக்கு விளங்காத மொழியிலேயே கற்பிப்போம் என்பவர்களை என்னென்பது? நோய் எதுவோ அதனையே மருந்தென்று நீட்டுகின்றனர்.

இவ்விடத்தில் நம் தரப்பு நண்பர் சிலர் குறுக்கிடுவர். மனித உரிமை என்பதே முதலாளித்துவ நாடுகளின் சரக்கு. வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிக்க வந்த வெளிநாட்டுப் பணத்தின் முகமூடி. அதனைக் கற்பதால் பயன் யாது என்பர். முகமூடிகள் உள என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் வரலாற்றைப் பாருங்கள். 1948 நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலைகளிலே உழைத்த இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அடுத்த மாதம் 10 ஆம் நாள் பாரிஸ் நகரிலே உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசியத்துக்கு உரிமையுண்டு என்று அதன் 15 ஆம் உறுப்புரை சாற்றியது. அந்தச் செய்தியை லயங்களுக்கு எடுத்துச் சென்றவர் எவர்?

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. பங்கிடப்பட்ட மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வேளை கொழும்பு அமைச்சரவையிலே இடதுசாரித் தலைவர்களும் வீற்றிருந்தனர் என்பதை நண்பர்கள் மறத்தலாகாது. வர்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே, அவ்வர்க்கத்தின் மிக ஏழையான பகுதியை எண்ணிக்கையாகக் கண்ட குற்றம் அது. உரிமை என்னும் அளவுகோல் கையில் இல்லாத இயக்கம், தன் தலைவரையும் அளக்கமாட்டாது. ஆகவே அவ்வளவுகோலை அந்நியச் சரக்கென்று எறிவது புரட்சியாகாது. அதனைப் பறித்துத் தொழிலாளியின் கையில் கொடுப்பதே புரட்சிக்கு உகந்தது.

இன்னொரு சாரார், இது நிபுணர் வேலை, சாதாரண மக்கள் கையில் கொடுத்தால் உணர்ச்சிவசப்பட்டுக் கெடுத்துவிடுவர் என்பர். அவர்கட்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். 1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்னும் அமைப்பு அங்கே உருவாயிற்று. இந்திய அமைதிப்படை, இலங்கை அரசு, தமிழ் ஆயுத இயக்கங்கள் ஆகிய எத்தரப்பின் கொடுமையையும் அவர்கள் மறைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டனர், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லோடு ஒப்பிட்டனர், எழுதினர். அவர்களுள் ஒருவரான மருத்துவப் பேராசிரியை ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சகாக்களும் எழுதிய 'முறிந்த பனை' அவருக்குப் பின்னும் வாழ்கின்றது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர், தம் மக்களிடையே நின்று, பக்கஞ்சாராமல் பதியமுடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று எமக்கு வேண்டாம்.

அதே வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. இப்பணி உயிராபத்து நிறைந்தது. சாட்சியின் பெயரை வாய்தவறிச் சொன்னால் அவர் வீட்டுக்கு இரவிலே ஆள் வரும். அழுதவரின் முகத்தைப் படமெடுத்துப் பரப்பினால், அவர் மறுபடியும் தாக்கப்படுவார். வதந்தியை உண்மையென்று பதிந்தால், அடுத்த தீக்கு நாமே எண்ணெய் வார்த்தவராவோம். ஆகவேதான் பயிற்சி வேண்டும் என்கின்றோம். நல்லெண்ணம் மட்டும் போதாது என்கின்றோம். வன்முறை நடந்த ஊரிலே எவரிடம் முதலிற் பேசுவது, எந்தப் பெயரை எழுதாமல் விடுவது, எந்த ஏட்டை எங்கே வைப்பது என்பன மாதக்கணக்கில் பழகவேண்டிய ஒழுக்கங்கள்.

நம் இலக்கியத்திலே கண்ணகி வழக்குரைத்த காட்சியை ஆண்டுதோறும் வகுப்பிலே நடாத்துகின்றோம். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரியாது கொலைத்தண்டனை விதித்தது அரசு. அவள் வென்றதற்குக் காரணம் கற்பின் ஆற்றல் என்று விளக்கி மாணவரைப் பரீட்சைக்கு அனுப்புகின்றோம். அவள் கையிலே மற்றைச் சிலம்பு இருந்தது என்பதனையும் இனிச் சேர்த்துச் சொல்வோம். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்பது சபையின் முன்னே உடைத்துக் காட்டப்பட்டது. சான்றைப் பேணிவைத்தவள் அரசனின் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தாள். எனினும் கோவலன் மீளவில்லை. உயிர் போகுமுன்னரே சிலம்பைக் காட்டும் வழியை மக்களுக்குக் கற்பிப்பதே நம் காலத்தின் கடமை.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. மனித உரிமைக் கண்காணிப்பைக் கற்பிக்கும் தொலைக்கல்விப் பாடநெறி தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே நடைபெறவேண்டும். திகனவின் அனுபவம், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பாடத்தை ஒரே காலத்தில் கற்கவேண்டும் என்பதையே உணர்த்துகின்றது. பாடம் அச்சிட்ட தாளில் தபால் வழியாகவும் வரவேண்டும். அலை கிடைக்காத மலைக்கும் தபாற்காரர் வருகின்றார். கட்டணம் கேட்டல் ஆகாது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் மனித உரிமை விழிப்பையும் கல்வியையும் வளர்ப்பதை ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. ஆணைக்குழுவும் திறந்த பல்கலைக்கழகமும் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடினால், பொல்கொல்லை நிலையத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம்.

தனியே படித்தல் போதாது. கிழமைக்கொருமுறை பாடசாலை மண்டபத்திலோ, சங்க அலுவலகத்திலோ கற்போர் கூடிப் பேசும் வாசக வட்டம் அமையவேண்டும். பரீட்சை என்பது வினாத்தாளுக்கு விடையெழுதுவதாய் முடிதல் கூடாது. ஒரு தோட்டத்தின் குடிநீர், ஒரு பொலிஸ் நிலையத்தின் மொழி, ஒரு தொழிற்சாலையின் மேலதிக நேரக் கூலி என ஏதேனும் ஒன்றை முறைப்படி பதிந்து, சரிபார்த்து, உரிய இடத்தில் சேர்த்தலே தேர்வாகட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பமேனும் எழுதியனுப்பாத மாணவருக்குச் சான்றிதழ் எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவேடு எந்த ஊரின் துன்பத்தைச் சொல்கின்றதோ அந்த ஊருக்கு உரியதாகவேண்டும். அவர்கள் அறியாமல், அவர்கள் இசைவின்றி, அது ஜெனீவாவுக்கும் போகலாகாது, கொழும்புக்கும் போகலாகாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இப்பாடநெறி தானாக வருமென்று காத்திருக்கவேண்டியதில்லை. உலகப் பிரகடனம் தமிழில் இருக்கின்றது. அரசியலமைப்பும் தமிழில் இருக்கின்றது. ஐந்து பேர் கூடினால் ஒரு வட்டம். ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும், முதற் பாடத்தைத் தொடங்க. துரைக்காக நம்மைப் பார்த்த கண்காணியின் காலம் முடிந்தது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அது மெய்யாகவே முடியவேண்டுமாயின், துரையைப் பார்க்கும் கண்ணும், பார்த்ததை எழுதும் கையும், எழுதியதைக் காக்கும் உறுதியும் லயத்திலும் கடைவீதியிலும் தொழிற்சாலை வாயிலிலும் வளரவேண்டும். கண்காணிக்கும் உரிமை, காயம்பட்டவனுக்கே முதல் உரிமை.